ஆமாம் பானையில் ஒரு கல்

போன மாதம் ஒரு சான்றிதழ் விஷயமாக, செங்கல்பட்டில் நான் கடைசியாக வேலை பார்த்த ஆராய்ச்சி அலுவலகத்துக்குப் போயிருந்தேன். அங்கே பிரியா என்று ஒரு புதுப் பெண், உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர் ஒன்றைக் காட்டினாள். ஹெட்போனை மாட்டிக்கொண்டால் கேள்வி காதில் கேட்கும், பதிலைப் பொத்தானில் அழுத்திவிடலாம். "யாரும் யார் மூஞ்சியையும் பாக்க வேணாம் சார். எல்லாம் ரகசியம். உங்க காலத்துல எப்படி சார் ரகசியம் காப்பாத்தினீங்க?" என்றாள்.

"பானை" என்றேன்.

அவள் சிரித்த சிரிப்பில் ஹெட்போன் கழன்று விழுந்தது. சரி, இந்தப் பானைக் கதையை எழுதியே விடுவோம் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். பெயர்களை எல்லாம் மாற்றியிருக்கிறேன். குப்பத்தின் பெயரைக் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். உரியவரிடம் அனுமதியும் வாங்கியாகிவிட்டது.

எங்கள் ஆராய்ச்சி இதுதான்: குடிப்பழக்கத்துக்கும், குடித்துவிட்டு மனைவி அல்லாத பெண்களிடம் போவதற்கும், அதனால் வரும் வியாதிகளுக்கும் என்ன தொடர்பு? மாப்பிள்ளைக்கு என்ன உத்தியோகம் என்று கேட்டால் சொல்லிக்கொள்ளக்கூடிய வேலை இல்லை. நல்லவேளை, எனக்குக் கல்யாணமாகி ரொம்ப நாள் கழித்துத்தான் இது கிடைத்தது. அதற்கு முன்னால் தொழுநோய்த் திட்டத்தில் செய்யூர் பக்கம் சைக்கிளில் சுற்றி, ஊரார் முதுகில் தேமல் தேடிக்கொண்டிருந்தேன். தொண்ணூறுகளின் பாதியில், முதுகு பார்த்தவரை போதும், இனிமேல் விஷயத்துக்கு வா என்று இந்தப் பக்கம் அனுப்பிவிட்டார்கள்.

பயிற்சி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. சொல்லக் கூச்சப்படுகிற வார்த்தைகளைக் கூச்சப்படாமல் சொல்ல வேண்டும். மாடி அறையில் பெஞ்சு போட்டு உட்கார்ந்து, வயசான ஆம்பிளைகளும் பொம்பிளைகளும் வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி உரக்கச் சொல்வோம். கீழே குடியிருந்த வீட்டுக்காரர் இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு மேலே வந்தார். "சார், வூட்ல வயசுக்கு வந்த பொண்ணு கீது. கொஞ்சம் மனசுக்குள்ள படிக்கக் கூடாதா?" என்றார். பயிற்சி அத்தோடு முடிந்தது.

எங்கள் மேலதிகாரி டாக்டர் வத்சலா. நெடுநெடுவென்று உயரம், எப்போதும் கஞ்சி போட்ட கைத்தறிச் சேலை. குடித்துவிட்டுத் தெருவில் விழுந்து கிடப்பவனையும் "நீங்க" என்றுதான் கூப்பிடுவார். "ஐயா, நீங்க கொஞ்சம் ஓரமா விழுந்திருக்கலாமே" என்று அவர் ஒருவரிடம் சொன்னதை என் காதால் கேட்டிருக்கிறேன். பொய் அவருக்கு ஆகவே ஆகாது. தாமதமாக வந்தால் பஸ் வரவில்லை என்று சொல்ல முடியாது. எந்த பஸ் என்று கேட்பார், பிறகு பஸ் ஸ்டாண்டிலும் விசாரிப்பார்.

முதலில் ஆட்களை நேருக்கு நேர் கேட்டோம். அச்சரப்பாக்கம் லாரி ஷெட்டில் ஒரு டிரைவரிடம், "கடைசியா எப்ப குடிச்சீங்க?" என்றால் அவர் வாயைத் திறப்பதற்குள் சுற்றி நிற்பவர்கள் பதில் சொல்லிவிடுவார்கள். "எழுதிக்கோ சார், நேத்து. நான்தான் ஊத்திக் குடுத்தேன்" என்பான் ஒருத்தன். "நேத்து இல்லடா, இன்னிக்கிக் காலைல" என்பான் இன்னொருத்தன். தனியாகக் கூட்டிக்கொண்டு போகலாம் என்றால் சவுக்குத் தோப்புத்தான் உண்டு. நான் ஆம்பிளைகளை ஒவ்வொருவராகச் சவுக்குத் தோப்புக்குள் கூட்டிப் போய்வந்ததில் என்னைப் பற்றிப் பரவிய பேச்சைத் தனிக்கட்டுரையாகத்தான் எழுத வேண்டும்.

அதனால் டாக்டரம்மா ஓட்டுப் பெட்டி முறையைக் கொண்டுவந்தார். ஒரு மறைப்பு, அதற்குப் பின்னால் இரண்டு பெட்டிகள். ஆமாம் என்றால் பச்சைப் பெட்டி, இல்லை என்றால் சிவப்புப் பெட்டி. டாக்டரம்மா பல வருஷம் வடக்கே வேலை பார்த்தவர். தமிழ்நாட்டில் கட்சிக்குச் சொந்தமில்லாத நிறமே கிடையாது என்பது அவருக்கு மறந்துபோயிருந்தது. முதல் ஆள் மறைப்புக்குள் போன வேகத்தில் வெளியே வந்தார்.

"செத்தாலும் நான் அந்தக் கலர்ல போட மாட்டேன்."

"குடிப்பீங்களா மாட்டீங்களான்னுதான் கேக்கறோம்" என்றேன்.

"அதுக்கு இன்னா பண்ணச் சொல்ற? குடிக்கறதுக்காவக் கட்சிய வுட முடியுமா?"

பிறகுதான் மண்பானைக்கு வந்தோம். வலது பக்கம் ஆமாம் பானை, இடது பக்கம் இல்லை பானை. ஆளுக்கு ஒரு கூழாங்கல். கல் எந்தப் பக்கம் விழுந்தது என்று சத்தத்தை வைத்துக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்பதால் இரண்டு பானையிலும் மணல் போட்டோம். பானையின் வாயைத் துணியால் கட்டி, கை நுழைய மட்டும் கிழித்து வைத்தோம். கற்களை டாக்டரம்மாவே பாலாற்றில் பொறுக்கியிருந்தார். எல்லாம் ஒரே அளவு, ஒரே நிறம். கூட்டம் முடிந்ததும் எண்ணிக் கழுவி, கைப்பையில் போட்டுத்தான் கிளம்புவார். "ஒரு கல்லுங்கறது ஒரு மனுஷர். கல்லைத் தொலைக்கிறவருக்கு என்கிட்ட வேலை இல்லை" என்பார். ஒரு தடவை ஒரு கல் குறைந்ததற்கு எங்கள் எல்லாரையும் முழங்கால் போட வைத்துத் தேடச் சொன்னார், தாமும் தேடினார்.

பானையைக் கவிழ்த்துக் காட்டி, காலி என்று எல்லாரும் பார்த்த பிறகுதான் கேள்வி. எண்ணுவதும் எல்லார் முன்னாலும்தான். அப்போதுதான் நம்பிக்கை வரும் என்பது அவர் கட்சி.

இப்படி நாங்கள் மகாபலிபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்துக்குப் போனோம். மறைப்புக் கட்டத் துடுப்புகளைக் கொண்டுவந்து மணலில் நட்டுக் கொடுத்தவர் ஏழுமலை. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத ஆள். பெண்டாட்டி மாசமாக இருக்கிறாள் என்று கேட்காமலேயே சொன்னார். கயிறு கட்டுகிற சாக்கில் என் காதருகே வந்தார்.

"சார், நாட்டாரு வூடு வூடாப் போயி சொல்லிட்டு வந்துக்கீறாரு. எல்லாரும் இல்ல பானைலதான் போடணுமாம். ஊரு மானமாம்."

நாட்டார் என்பது குப்பத்துப் பஞ்சாயத்துத் தலைவரை அங்கே கூப்பிடும் பெயர். எல்லப்ப நாட்டார் நல்ல மனிதர்தான். பக்கத்துக் குப்பத்தைவிட ஒரு விஷயத்திலும் தம் குப்பம் மட்டமாகிவிடக் கூடாது என்பது ஒன்றுதான் அவருக்குக் கவலை. அவருக்கு வலது கையாக மெக்கானிக் தேசிங்கு. போட் எஞ்சின் ரிப்பேர் செய்பவர். எந்தத் தேர்தல் வந்தாலும் பூத் ஏஜெண்டாக உட்காருவது அவர்தான். பானையைக் கண்டதும் அவருக்கு ரத்தம் சூடாகிவிட்டது.

"விரல்ல மை வெக்கலியா? அப்ப ஒர்த்தனே ரெண்டு தபா போட்டா இன்னா பண்ணுவ?" என்றார். ஏஜெண்டுக்கு நாற்காலி எங்கே என்றும் கேட்டார். ஒரு பெரியவர் மறைப்புக்குள் போய்விட்டுக் கல்லோடு திரும்பி வந்து, "யாருக்குப் போடறதுன்னு தெரியல நைனா, நீயே போட்டுடு" என்று என் கையில் திணித்தார்.

துணி கடல்காற்றில் பறக்காமல் பிடித்துக்கொள்வது என் வேலை. முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொள்ள வேண்டும் என்பது டாக்டரம்மாவின் உத்தரவு. எனவே அன்று நான் பார்த்ததெல்லாம் அலைதான்.

முதல் கேள்வி, போன ஒரு மாதத்தில் குடித்தீர்களா? ஒருவரை இரண்டு பேர் தோளில் தாங்கி மறைப்பு வரை கொண்டுவந்து விட்டார்கள். பானையைத் திறந்தால், எல்லாக் கல்லும் இல்லை பானையில். கூட்டம் கைதட்டியது. நாட்டார் எழுந்து கும்பிட்டார். அவர் மூச்சு என் பக்கம் வந்தபோது எனக்கே லேசாகத் தலை சுற்றியது. டாக்டரம்மா முகத்தில் ஒரு சலனமும் இல்லை. "ரொம்ப சந்தோஷம். அடுத்த கேள்வி" என்றார். வெளியே பெண்களிடம் போனீர்களா? இல்லை. ஆணுறை இல்லாமல் போனீர்களா? அதுவும் இல்லை. அன்றைக்கு அந்தக் குப்பம் ஆசிரமமாகிவிட்டது.

கடைசிக் கேள்விக்கு முன்னால் டாக்டரம்மா எழுந்து நின்றார். "ஆண்குறியில் புண், எரிச்சல், சீழ். இது யாருக்காவது இருக்கா? வைத்தியம் பார்க்காமல் விட்டால் மனைவிக்கு வரும். மனைவி கர்ப்பமா இருந்தா வயித்துல இருக்கிற குழந்தைக்கும் வரும். குழந்தை செத்தே பிறக்கலாம். பார்த்துக்கொண்டால் ஊசியில் சரியாப்போகும். ஆமாம் பானையில் ஒரே ஒரு கல் விழுந்தால் போதும், அடுத்த வாரம் மருந்தோட வரேன். யார்னு கேக்க மாட்டேன்" என்றார்.

மறுபடி எல்லாரும் வரிசையாக வந்து போனார்கள். நான் அலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டரம்மா ஆமாம் பானையின் துணியை அவிழ்த்து மணலைத் தட்டில் கொட்டினார். மணலுக்கு நடுவில் ஒரே ஒரு கல்.

எல்லாரும் கழுத்தை நீட்டித் தட்டைப் பார்த்தார்கள். பிறகு நாட்டார், "எவன்டா அது?" என்று கத்தினார். "ஊர் மானத்த வாங்கனவன் எவன்டா?"

இதற்கு அங்கே என்ன தண்டனை என்று எனக்குத் தெரியும். ஊர்விலக்கு. எந்தப் படகிலும் ஏற்ற மாட்டார்கள். கிணற்றடியில் அவன் பெண்டாட்டிக்கு இடம் விட மாட்டார்கள். நாங்கள் கேட்ட கேள்வியால் ஒரு குடும்பம் நடுத்தெருவுக்கு வரப்போகிறது.

நாட்டார் நேராக என்னிடம் வந்தார். "நீதானய்யா துணி புட்ச்சிகினு நின்ன. யாருன்னு சொல்லு."

"நான் கடலைப் பார்த்துக்கிட்டு இருந்தேங்க."

"கடல்ல இன்னா கீது? நாங்க பாக்காத கடலா?" என்றவர் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "சரி, வேற வழி கீது. ஆத்தா கோயில்ல கற்பூரம் ஏத்தி ஒவ்வொருத்தனா அணச்சி சத்தியம் பண்ணுங்க. ஏழுமல, கடைக்கி ஓடு, கற்பூரம் வாங்கியா."

ஏழுமலை போனார். எங்கள் டாக்டர் சொல்லும் எந்த நோய்க்கும் பயப்படாதவர்கள்கூட அந்தச் சத்தியத்துக்குப் பயப்படுவார்கள். பொய்ச் சத்தியம் செய்தால் கடல் விடாது என்பது அவர்கள் நம்பிக்கை. ஆக, கற்பூரம் வந்ததும் ஒருவன் சிக்கிக்கொள்வான். டாக்டரம்மா, "இது தப்பு, ரகசியம்னு வாக்குக் குடுத்திருக்கோம்" என்று எத்தனையோ சொல்லிப் பார்த்தார். யாரும் காதில் வாங்கவில்லை.

போன ஆள் திரும்பி வரவே இல்லை. நாட்டார் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஏழுமலை மெதுவாக நடந்து வந்து, "கட மூடிக்கீது அண்ணாத்த" என்றார். "அப்ப என் வூட்டுலேர்ந்து எட்தா!" என்று நாட்டார் கத்தினார்.

எனக்கு அந்த நிமிஷம் என்ன வந்தது என்று இன்றுவரை தெரியாது.

"அது என் கல்லுங்க" என்றேன்.

எல்லாரும் திரும்பினார்கள். "தேர்தல்ல ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி, பொட்டி சரியா இருக்கான்னு மாதிரி ஓட்டு ஒண்ணு போட்டுப் பாப்பாங்க இல்லியா, அந்த மாதிரி..."

"யாராண்ட கத வுடற?" தேசிங்கு குறுக்கே வந்தார். "மாதிரி ஓட்டு போட்டப்புறம்தான் பொட்டியக் கவுத்துக் காட்டுவாங்க. பானையக் கவுத்துக் காட்டனப்ப காலியாதான கீது? நான் பாத்தனே."

பூத் ஏஜெண்ட் இருக்கிற ஊரில் இந்தப் பொய் செல்லாது என்பது எனக்குத் தோன்றாமல் போயிற்று. பின்வாங்கவும் முடியாது. ஆகவே ஒரேயடியாக இறங்கிவிட்டேன்.

"மாதிரி ஓட்டு இல்ல, நெஜ ஓட்டு! எனக்குத்தான்யா புண்ணு! அந்தப் பெரியவர் என்கிட்ட ஒரு கல்ல குடுத்தாரே, அதைக் குடுக்காம வெச்சிருந்து நானே போட்டேன். போதுமா?"

கூட்டத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. நாட்டார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் போய்ப் பரிதாபம் வந்தது, அப்புறம் பரிதாபம் போய் ஒரு திருப்தி வந்தது. வியாதி குப்பத்தைச் சேர்ந்தது இல்லை, செங்கல்பட்டைச் சேர்ந்தது.

ஆனால் தேசிங்கு விடுகிற ஆள் இல்லை. "இரு நாட்டாரே. அப்டின்னா மொத்தக் கல்லுல ஒண்ணு ஜாஸ்தியா இருக்கணும். இல்ல பானைய எண்ணிப் பாத்துடலாம்" என்றார்.

பெரியவர் கொடுத்த கல்லை நான் அப்போதே டாக்டரம்மாவிடம் கொடுத்திருந்தேன். எண்ணினால் நான் புளுகன் என்று தெரிந்துவிடும், கற்பூரமும் வந்துவிடும். டாக்டரம்மாவைப் பார்த்தேன். அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார். பஸ் பெயரைக் கேட்கிற அதே பார்வை. நாம் தொலைந்தோம் என்று நினைத்தேன்.

"தாராளமா எண்ணலாம்" என்று சொல்லி இல்லை பானையைத் தூக்கினார். அருகே மீன்வலைக்குக் கட்டுகிற கல் ஒன்று கிடந்தது. எதையும் கைதவற விட்டதில்லை அந்த அம்மாள். பானை அதன்மேல் விழுந்து சில்லுச் சில்லாக உடைந்தது. மணலோடு மணலாகக் கற்கள் சிதறின. குனிந்து பொறுக்குவது போல அவர் முன்னால் வந்து, மேலே தெரிந்த கற்களையும் செருப்புக் காலால் மிதித்து உள்ளே அழுத்தினார்.

பிறகு என் பக்கம் திரும்பினார். "எத்தனை தடவை சொன்னேன் உங்ககிட்ட, ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்குங்கன்னு? போனீங்களா?" என்று அத்தனை பேர் முன்னால் சத்தம் போட்டார். வாழ்க்கையில் அவர் சொன்ன முதல் பொய் அதுவாகத்தான் இருக்கும். முதல் தடவை சொல்கிற மாதிரியே தெரியவில்லை.

மறுநாள் டாக்டரம்மாவிடமிருந்து எனக்கு ஒரு மெமோ வந்தது. ஆய்வுக் கருவியைப் பாழாக்கியதற்கு விளக்கம் கேட்டிருந்தார். பானையை உடைத்தவர் அவர், மெமோ எனக்கு. விளக்கத்தை வாங்கிக்கொண்டு, "தணிகாசலம், பொய்யைப் பாதியில விட்டா ஆபத்து. வாராவாரம் நீங்க ஆஸ்பத்திரி பால்வினை நோய்ப் பிரிவுல போய் பெஞ்சில உட்காரணும். குப்பத்துக்காரங்க அங்கே வர்றாங்க, பார்க்கட்டும். இதை வெளியில, வீட்டுல, எங்கேயும் சொல்லக் கூடாது" என்றார்.

உட்கார்ந்தேன். மருந்து வாங்குகிற ஜன்னலில் எனக்கு பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை கொடுப்பார்கள். சில மாதத்தில் கன்னம் உப்பிப் பளபளவென்று ஆகிவிட்டேன். வாக்குக் கொடுத்தபடி அடுத்த வாரமே மருந்தோடு குப்பத்துக்கும் போனோம். அங்கே என்னைக் கண்டால், "இன்னா சார், ஒடம்பு எப்டி கீது?" என்று அலை தாண்டிக் கேட்கும் குரலில் விசாரிப்பார்கள். "தேவலாம்" என்பேன். அப்புறம் ஒரு வேடிக்கை நடந்தது. டாக்டரம்மாவிடம் போகத் தயங்கியவர்கள் ஒவ்வொருவராக என்னிடம் வந்தார்கள். "சார், என் பங்காளி ஒர்த்தனுக்கு உன்ன மாரியே கீதாம். உனக்கு எந்த டாக்டரு பாத்தாரு? ஊசி நோவுமா?" என்று கேட்பார்கள். அந்தக் குப்பத்தில் அத்தனை பங்காளிகள் இருந்தது எனக்கே தெரியாது. எல்லாரையும் பெஞ்சுக்கு அழைத்துப் போனேன்.

வீட்டில்தான் சிக்கல். என் மனைவி சரஸ்வதியிடம் மீன் விற்கும் அஞ்சலை அதே குப்பம். ஒருநாள் தெருவில் கூடையை இறக்கி வைத்து, "அக்கா, அண்ணாத்தைக்கு நண்டு குடுக்காத. சூடு. அந்த வியாதிக்கி ஆவாது" என்றிருக்கிறாள்.

சரசு உள்ளே வந்து, மீனைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். "சொல்லிக்க முடியாத வியாதியாமே உங்களுக்கு?"

"ஆபீஸ் விஷயம். சொல்லக் கூடாது" என்றேன்.

"பல்லியப் பாத்தா என்னைக் கூப்பிடற ஆளு நீங்க. உங்களுக்கு ஏது அவ்ளோ தைரியம்?" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள்.

நம்பவில்லையே என்று நிம்மதியாகவும் இருந்தது, இப்படிச் சொல்லிவிட்டாளே என்று ரோஷமாகவும் இருந்தது. ஆனால் உள்ளேயிருந்து மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. வெங்காயம் நறுக்குகிறாளா என்று எட்டிப் பார்க்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. அஞ்சலையிடம் இவள் உண்மையைச் சொன்னால் அன்றே குப்பத்தில் கற்பூரம் ஏற்றுவார்கள். அதனால் வாயை மூடிக்கொண்டேன். அவளும் பிறகு கேட்கவில்லை. கேட்காமல் இருந்தது எனக்கு அதைவிடக் கஷ்டமாக இருந்தது. வருஷக்கணக்கில் எங்கள் வீட்டில் நண்டு சமைக்கவே இல்லை.

நான் ஓய்வு பெற்ற மறுவாரம், வாசலில் ஒரு டிவிஎஸ் வண்டி வந்து நின்றது. ஏழுமலை. தலையில் கொஞ்சம் நரை. கையில் பெரிய வஞ்சிரம். வண்டிக்குப் பக்கத்தில் பள்ளிக்கூடச் சீருடையில் ஒரு பெண் பிள்ளை, ரிப்பனைக் கடித்துக்கொண்டு நின்றது.

"ரிட்டயர் ஆயிட்டியாமே சார். ஒடம்பு எப்டி கீது?"

"தேவலாம்" என்றேன், பழக்க தோஷத்தில்.

அவர் மீனைக் கீழே வைத்தார். வாசல் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார். "அன்னிக்கி கற்பூரம் வாங்கப் போனேனே, கட தொறந்துதான் சார் இருந்துச்சி."

எனக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியபோது அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"கட வாசல்லயே நின்னுகினு இருந்தேன் சார். அப்டியே கடல்ல எறங்கிப் போய்டலாமான்னு கூட தோணிச்சி. திரும்பி வந்தா நீ உன் பேரச் சொல்லிக்கினு நிக்கற. அப்பால ஆஸ்பத்திரி பெஞ்சில உன்னப் பாத்தேன். இவரே குந்திகினு கீறாரு, நமக்கு இன்னான்னு நானும் வந்து குந்தினேன். என் பொண்டாட்டியையும் இட்டாந்து ஊசி போட்டேன். அதோ நிக்கிது பாரு, அதான் அப்ப வயித்துல இருந்தது." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எனக்கும் தேவலாம் சார்."

சரசு காபியோடு வாசற்படியில் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியாது. காபியை ஏழுமலையிடம் கொடுத்தாள். "கொழந்தைய ஏன் வெய்யில்ல நிக்க வெச்சிருக்கீங்க?" என்று அவரைக் கடிந்துகொண்டு, தானே போய் அந்தப் பெண்ணைக் கைப்பிடித்து உள்ளே கூட்டிவந்தாள்.

அவர்கள் போன பிறகு அரிவாள்மணையைப் போட்டு மீனை நறுக்க உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் நின்றேன். அவள் தலை நிமிராமலே செதிலைச் சீவினாள்.

"அவ்ளோ தைரியம் உங்களுக்கு இருந்திருக்குது" என்றாள். "நாளைக்கு அஞ்சலை வந்தா நண்டு வாங்கணும்."